விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாய்க்கு!

ஈழத்தமிழர் கொடுக்கத் தெரியாதவர்கள் என்று எவரும் குற்றஞ்சாட்ட முடியாது. ஊர்க் கோயிலின் இராசகோபுரம், படித்த பாடசாலையின் ஆய்வுகூடம், வாசிகசாலையின் மேல்மாடி, மயானத்தின் சுற்றுமதில் என்று எதற்குக் கேட்டாலும் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் பணம் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருக்கின்றது. நான் பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் திருப்பணி வேண்டுகோளோ உபயகாரர் பட்டியலோ இல்லாமல் ஒரு வாரப்பதிப்பு வெளிவந்ததாக எனக்கு நினைவில்லை.

ஆனால் அந்தப் பட்டியல்களைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். எமது கொடை எப்பொழுதும் ஓர் உறவின் வழியாகவே நடைபெறுகின்றது. ஊர்ச்சங்கம் கேட்கும், ஊரவர் கொடுப்பார். பழைய மாணவர் சங்கம் கேட்கும். பழைய மாணவர் கொடுப்பார். பரிபாலன சபை கேட்கும், அடியார் கொடுப்பார். கேட்பவரை மறுத்தால் அடுத்த கல்யாண வீட்டில் முகம் கொடுக்க முடியாது என்ற சங்கடமும் இதில் ஒரு பங்கு என்பதை நாம் அறிவோம். அதில் தவறில்லை. எந்தச் சமூகத்திலும் தர்மம் பாதி அன்பாலும் பாதி கூச்சத்தாலும்தான் நடக்கின்றது.

தெருநாய்க்கு ஊர்ச்சங்கம் இல்லை. பழைய மாணவர் சங்கமும் இல்லை. அதன் சார்பில் கேட்பவர் எவராயினும் அவரை மறுப்பதில் யாருக்கும் கூச்சமில்லை. ஆகவேதான் பிராணிகள் நலனுக்காகப் பணம் திரட்டப் புறப்படும் எம்மவர், கையேந்தும் வழக்கமான முறையைக் கைவிட்டுச் சீட்டிழுப்பு நடத்த வேண்டும் என்று சொல்கிறேன். லொத்தர், ராஃபிள், நல்வாய்ப்புச் சீட்டு என்று எந்தப் பெயரால் அழைத்தாலும் சரி. கூட்டம் விரும்பும் அந்தப் பழைய விளையாட்டே, உறவுக்காரர் இல்லாத இந்த உயிர்களுக்கு மிகவும் பொருத்தமான வழி என்பது எனது துணிபு.

காரணம் எளிமையானது. நன்கொடை கேட்டால், கேட்கப்பட்டவர் முதலில் அந்தக் காரியத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். சீட்டு விற்றால் அவர் எதையும் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. பரிசுக்கு ஆசைப்பட்டால் போதும். “மனிதருக்கே வழியில்லாத ஊரில் நாய்க்கு எதற்கு?” என்று கேட்பவர்கூட, மேசையில் அடுக்கிய பட்டுச் சேலையைப் பார்த்துவிட்டு ஐந்து சீட்டுகள் வாங்குவார். அவருடைய மனத்தை மாற்றிய பின்னர்தான் அவருடைய ஐந்து பவுணைப் பெறவேண்டும் என்று காத்திருந்தால் நாய்கள் செத்துவிடும். முதலில் ஐந்து பவுண் வரட்டும். மனம் மெதுவாக வரட்டும்.

“மனிதருக்கே வழியில்லாத ஊரில்” என்ற அந்தக் கேள்வியைப் பத்திரிகை அலுவலகத்தில் நான் அடிக்கடி எதிர்கொண்டிருக்கிறேன். பிராணிகள் நலன் பற்றி ஒரு கட்டுரை வெளியானால் அடுத்த வாரமே அதே கேள்வியுடன் கடிதங்கள் வரும். இலங்கையில் தெருநாய் என்பது இரக்கத்துக்குரிய விடயம் மட்டுமன்று என்பதைக் கேள்வி கேட்போர் மறந்துவிடுகின்றனர். நீர்வெறுப்பு நோய் எனப்படும் விசர்நாய்க்கடியினால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இறப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. மனிதருக்கு அந்நோய் தொற்றும் சந்தர்ப்பங்களில் 99 வீதம் வரை நாய்களின் மூலமே ஏற்படுகின்றன. அறிகுறிகள் தோன்றிய பின் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. கடிபடுவோரில் பெருந்தொகையினர் சிறுவர்கள். ஒரு பிரதேசத்து நாய்களில் 70 வீதமானவற்றுக்குத் தடுப்பூசி ஏற்றினால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஆகவே நாய்க்கு ஏற்றும் ஊசி, பாடசாலைக்கு நடந்து செல்லும் பிள்ளைக்கும் ஏற்றிய ஊசிதான்.

இலங்கையில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதற்கு 1893 ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம் வழிசெய்தது. உள்ளூராட்சிச் சபைகளின் நாய்பிடிகாரர்களை முதியவர்கள் நினைவில் வைத்திருப்பர். 2006 இல் அரசு அந்தக் கொலை நடைமுறையைக் கைவிட்டது. நல்லது. ஆனால் கொல்வதை நிறுத்தினால் மட்டும் போதாது; பெருகுவதையும் நிறுத்த வேண்டும். பெண் நாய் ஒன்பது வாரங்களில் குட்டி ஈனும். ஆண்டில் இருமுறை ஈனக்கூடியது. கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் பணம் வேண்டும், வைத்தியர் வேண்டும், நாயைப் பக்குவமாகப் பிடிக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும், வாகனம் வேண்டும். அரசின் தடுப்பூசி இலவசமாகக் கிடைத்தாலும் நாயை ஊசியிடம் கொண்டு சேர்ப்பது இலவசமன்று.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் வைரவர் கோயில் இல்லாத ஊரைக் காண்பது அரிது. அவருடைய வாகனம் நாய். அவருக்கு வடைமாலை சாத்துகிறோம். அந்த வடையின் வாசத்துக்கு வந்த நாயைக் கல்லால் எறிகிறோம். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்ததும் பெற்ற மகனுக்கே தண்டனை விதித்தான் எல்லாளன் என்று மகாவம்சம் கூறுகின்றது. எதிரியின் நூலே புகழ்ந்த அந்த நீதியை மேடைகளில் நாம் பெருமையுடன் எடுத்துரைக்கிறோம். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மக்கள் நடந்தனர். நாய்கள் படலையடியில் நின்றன. யாரையும் குறைகூற முடியாது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆயினும் இன்று வெளிநாடுகளில் வசதியுடன் வாழும் எமக்கு அந்தப் படலையடிகளை நினைத்துப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென ஒரு சரணாலயம் அமைத்தது போன்ற முயற்சிகள், எமது மண்ணிலும் இந்த நினைப்பு உள்ளவர்கள் இருக்கிறார்கள் என்பதற்குச் சான்று.

இனி, சீட்டிழுப்புக்கு வரக்கூடிய பெரிய ஆட்சேபம். அது சூதாட்டம் அல்லவா?

ஆட்சேபம் நியாயமானது, அதை ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாட்டில் 1968 இல் அரசே பரிசுச் சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. “விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு” என்ற வாசகம் அன்று பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. கேட்க இனிமையான வாசகம்தான். ஆனால் காலப்போக்கில் கூலித்தொழிலாளரின் நாட்சம்பளமும் சீட்டுக்கடைக்கே போனது, குடும்பங்கள் அழிந்தன. இறுதியில் 2003 இல் மாநில அரசு பரிசுச் சீட்டு விற்பனையையே தடைசெய்தது. இலங்கையிலும் 1963 இல் தேசிய லொத்தர் சபை உருவாக்கப்பட்டு, இன்று சந்திக்குச் சந்தி லொத்தர்க் கூடுகள் நிற்கின்றன. அங்கே நின்று வாங்குபவர்களில் செல்வந்தர்களை நான் அதிகம் கண்டதில்லை.

ஆனால் நாள்தோறும் விற்கும் லொத்தருக்கும், ஆண்டுக்கொருமுறை ஒரு மண்டபத்தில் நடக்கும் சீட்டிழுப்புக்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னையது வாழ்க்கையை மாற்றிவிடுவதாக ஆசை காட்டுகின்றது. பின்னையதன் முதற்பரிசு ஒரு மின்சார அரிசிக் குக்கர். அரிசிக் குக்கருக்காக வீட்டை விற்றவர் எவருமில்லை. ஆகவே இதற்கு எல்லை வகுப்பது எளிது: பரிசுகள் சிறியனவாக இருக்கட்டும், பணம் பரிசாக வேண்டாம், சீட்டின் விலை ஒரு தேநீரின் விலையைத் தாண்ட வேண்டாம், ஒருவர் மேலும் மேலும் வாங்க வந்தால் விற்பவர் சிரித்துக்கொண்டே நிறுத்தட்டும். இந்த எல்லைக்குள் நின்றால் இது விளையாட்டு, மீறினால் சூது.

இந்த விளையாட்டைச் சுவையாக நடத்துவது எப்படி? பாடசாலைக் காணிவல்களில் சைக்கிளும் தையல் இயந்திரமும் பரிசாக வைத்துச் சீட்டு விற்ற காலத்திலிருந்து இன்றுவரை எத்தனையோ சீட்டிழுப்புகளைச் செய்தியாளனாகப் பார்த்திருக்கிறேன். வெற்றிபெற்றவற்றில் சில பொதுக்கூறுகளைக் கண்டேன்.

முதலாவது, பரிசுகள் எல்லாம் அன்பளிப்பாகக் கிடைக்க வேண்டும். பணம் கொடுத்துப் பரிசு வாங்கத் தொடங்கினால் நாயின் பங்கு கரைந்துவிடும். அன்பளிப்பு விலையுயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை. எம்மவர் கூடும் மண்டபத்தில் ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்கு இருக்கும் மவுசு கைத்தொலைபேசிக்கு இராது. வீட்டில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள், பனங்கட்டிக் குட்டான், ஒடியல், யாரோ ஒரு அம்மா கைப்படச் செய்த பயற்றம்பணியாரம் என்பன கடையில் வாங்கிய எதையும் தோற்கடிக்கும். உழைப்பையும் பரிசாக்கலாம்: கணக்காளர் ஒருவர் ஓர் ஆண்டுக்கு வரிக்கணக்கு எழுதித் தரலாம், வாகனம் ஓட்டக் கற்பிப்பவர் மூன்று பாடங்கள் தரலாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பிராணிகளின் பெயரால் நடக்கும் விழாவில் ஆட்டிறைச்சிப் பிரியாணியைப் பரிசாக அறிவித்தால் எவராவது எழுந்து ஒரு கேள்வி கேட்பார். அவருக்கு அந்தச் சந்தர்ப்பத்தைக் கொடுக்காதிருப்பதே புத்தி.

இரண்டாவது, எல்லாப் பரிசுக்கும் ஒரே பெட்டி வைப்பதைவிட, ஒவ்வொரு பரிசின் முன்பும் ஒரு பெட்டி வைப்பது சிறந்தது. சீட்டு வாங்கியவர் தாம் விரும்பும் பரிசின் பெட்டியில் அதை இடுவார். சேலையை விரும்புபவர் பத்துச் சீட்டையும் சேலைப் பெட்டியில் போடுவார். பக்கத்து மேசைக்காரர் அதைப் பார்த்துவிட்டு மேலும் ஐந்து வாங்கி வருவார். மக்கள் மேசையைச் சுற்றி நிற்பார்கள், பேசுவார்கள், அந்த மேசையின் ஓரத்தில்தான் நாய்களைப் பற்றிய நான்கு வரிகள் எழுதிய அட்டை இருக்க வேண்டும். அரைமணிநேரச் சொற்பொழிவு செய்யாததை அந்த அட்டை செய்யும்.

மூன்றாவது, இழுப்பை இரவு பதினொரு மணிக்கு ஒத்திவைக்கக் கூடாது. எமது விழாக்கள் எத்தனை மணிக்கு முடியும் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நிகழ்ச்சிகளுக்கு இடையே மூன்று தடவைகளாக இழுத்து, பெரிய பரிசைச் சாப்பாட்டுக்குச் சற்று முன் வைத்தால் மண்டபம் நிறைந்திருக்கும். சபையிலுள்ள ஒரு சிறுபிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டு சீட்டை எடுக்கட்டும். எண்ணை இருமுறை வாசிக்கட்டும். மூன்றாம் அழைப்புக்கும் வராவிட்டால் மறுபடி இழுப்பது என்ற விதியைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும்.

வரக்கூடிய தொகையையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 300 பேர் கூடும் மண்டபத்தில் 200 பேர் ஆளுக்கு ஐந்து சீட்டு, சீட்டு ஒரு பவுண் என்று வாங்கினால் 1,000 பவுண். பரிசுகளுக்குச் செலவில்லை, அச்சுச் செலவு அற்பம். அதே மண்டபத்தில் வாசலில் உண்டியல் வைத்தால் என்ன சேரும் என்பதை அனுபவசாலிகள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளட்டும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. பிரித்தானியாவில் 2005 ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் இதற்குத் தெளிவான வழி வகுத்துள்ளது. நிகழ்ச்சி நடக்கும் இடத்திலேயே சீட்டு விற்று இழுப்பதற்கு உரிமம் தேவையில்லை. ஆனால் வருமானத்திலிருந்து பரிசு வாங்க 500 பவுணுக்கு மேலும், ஏனைய செலவுகளுக்கு 100 பவுணுக்கு மேலும் எடுக்க முடியாது. வாரக்கணக்கில் முன்கூட்டியே வெளியில் விற்பதானால் சங்கம் உள்ளூராட்சிச் சபையில் பதிவுசெய்ய வேண்டும். எல்லாச் சீட்டும் ஒரே விலையாக இருக்க வேண்டும். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கவோ அவர்களைக் கொண்டு விற்பிக்கவோ கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 வீதம் நற்காரியத்துக்குப் போக வேண்டும். 20 வீதம் என்பது சட்டத்தின் அளவு. மனச்சாட்சியின் அளவு அதைவிடப் பலமடங்கு உயர்ந்ததாக இருக்கவேண்டும். கனடாவின் ஒன்ராறியோவில் முன்கூட்டியே உரிமம் பெறவேண்டும். திரட்டும் பணத்தை எங்கே செலவிடலாம் என்பதையும் அப்போதே கேட்டுத் தெளிவது அவசியம். இலங்கையில் நடத்துபவர்களும் பிரதேச செயலகத்தில் விசாரித்த பின்னரே சீட்டு அச்சடிக்க வேண்டும்.

செய்யக்கூடாதவை இரண்டு. உயிருள்ள பிராணியைப் பரிசாக வைக்கவே கூடாது. அழகான நாய்க்குட்டியை மேடையேற்றினால் சீட்டுகள் பறக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆசையில்லாதவர் வீட்டுக்குப் போகும் குட்டிதான் அடுத்த ஆண்டின் தெருநாய். ஸ்கொட்லாந்தில் பிராணிகளைப் பரிசாகக் கொடுப்பதை 2006 இல் சட்டமே தடைசெய்தது. மற்றது, புண்பட்ட நாய்களின் கோரமான படங்களைப் பெரிதாக்கித் தொங்கவிடுவது. சாப்பாட்டு மேசையிலிருந்து முகத்தைத் திருப்பும் மனிதர் பணப்பையையும் மூடிவிடுவார். நலமடைந்த ஒரு நாயின் படம் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலானது கணக்கு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் சீட்டிழுப்பில் முதற்பரிசு செயலாளரின் மைத்துனருக்கு விழுந்தது. சூது எதுவும் நடந்ததாக நான் நம்பவில்லை. செய்தி சேகரிக்கச் சென்றிருந்த எனது கண்முன்னால்தான் சீட்டு எடுக்கப்பட்டது. ஆனால் மண்டபத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. அடுத்த ஆண்டு அந்தச் சங்கத்தால் பாதிச் சீட்டுகளைக்கூட விற்க முடியவில்லை. நேர்மையாக நடந்தால் மட்டும் போதாது. நேர்மையாக நடந்தது எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். செயற்குழுவினரும் அவர்தம் குடும்பத்தினரும் சீட்டு வாங்கட்டும், ஆனால் பரிசு பெறுவதில்லை என்று முன்கூட்டியே அறிவிக்கட்டும். விற்ற சீட்டு எத்தனை, சேர்ந்த பணம் எவ்வளவு என்பதை அன்றிரவே ஒரு பலகையில் எழுதிச் சபைக்குக் காட்டட்டும். மூன்று மாதத்துக்குள் எத்தனை நாய்களுக்குக் கருத்தடை செய்யப்பட்டது, எத்தனைக்கு ஊசி ஏற்றப்பட்டது, வைத்தியருக்குக் கொடுத்தது எவ்வளவு என்று பற்றுச்சீட்டுகளுடன் வெளியிடட்டும். கோயில் கணக்கிலும் பாடசாலைக் கணக்கிலும் நடந்த குளறுபடிகளால் மனம் கசந்தவர்கள் எம்மத்தியில் ஏராளம். நாயின் பெயரால் திரட்டிய பணத்துக்குச் சதக்கணக்கில் கணக்குக் காட்டினால், அது மனிதரின் பெயரால் திரட்டுபவர்களுக்கும் ஒரு பாடமாக அமையும்.

பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதிலும் தெளிவு வேண்டும். அடைக்கலக் கூடம் கட்டுவதே எல்லோருக்கும் ஆசை. பெயர்ப்பலகையும் திறப்புவிழாவும் கிடைக்கும். ஆனால் கூடம் கட்டியவுடன் பிறர் தமக்கு வேண்டாத குட்டிகளை வாசலில் கொண்டுவந்து போடுவர். நாளாந்த உணவுச் செலவு கழுத்தை நெரிக்கும். ஒருநாள் சீட்டிழுப்பால் நிரந்தரச் செலவைத் தாங்க முடியாது. ஒரு கிராமத்தைத் தெரிவுசெய்து, அங்குள்ள பெண் நாய்களுக்கு இயன்றவரை கருத்தடை செய்து, 70 வீதத்துக்கு ஊசி ஏற்றி, அந்தக் கிராமத்தின் பெயரைச் சபையில் அறிவிப்பதே மேல். அப்படி அறிவிக்கும்போது ஓர் அதிசயமும் நிகழலாம். அந்த ஊர்க்காரர் ஒருவர் மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து எழுந்து, “அடுத்த முறை பரிசுகள் என் பொறுப்பு” என்பார். அன்று முதல் அந்த நாய்களுக்கும் ஓர் ஊர்ச்சங்கம் கிடைத்துவிடும்.

எமது மக்களின் கருணையில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் கருணை தூங்கும் வேளைகளில் மாம்பழத்தைக் காட்டி எழுப்புவதில் எந்த இழிவும் இல்லை. வெறுங்கையுடன் வீடு திரும்பும் மனிதர், “விழவில்லை, போகட்டும், ஒரு நாய்க்கு ஊசியாவது போட்டிருப்பார்கள்” என்று சொல்லிக்கொண்டு போனால், அவரும் தோற்றவர் அல்லர்.